கேள்வி-பதில்: பழைய ஷெவி சி10-க்குள் எல்எஸ் இன்ஜின்

1967 முதல் 1972 வரை வந்த ஷெவ்ரலே சி10 பிக்கப்பில் ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) எல்எஸ் வகை வி8 இன்ஜினை ஏற்றுவது பற்றி அமெரிக்க வாசகர்களிடமிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

என்னிடம் 1969 சி10 இருக்கிறது. 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், ஸ்டீயரிங்கில் கியர். காயலான் கடையில் 4.8, 5.3, 6.0 லிட்டர் என்று மூன்று அளவு எல்எஸ் கிடைக்கிறது. எதை எடுக்கலாம்? (வாசகர், ஹூஸ்டன்)

5.3-ஐ எடுங்கள். 1999 முதல் 2007 வரை சில்வராடோ, சியரா, டாஹோ, சபர்பன் என்று ஜிஎம் லட்சக்கணக்கில் விற்ற வண்டிகளில் இருந்த, எல்எம்7 என்ற குறியீடு கொண்ட இன்ஜின் அது. விலையும் கட்டுப்படியாகும், உதிரிபாகமும் எங்கும் கிடைக்கும். வண்டியின் வின் எண்ணில் (வண்டியின் அடையாள எண்) 8-ஆவது எழுத்தைப் பாருங்கள். டெக்சஸ் என்பதில் வரும் ‘டி’ (T) என்றால் எல்எம்7. ‘வி’ என்றால் 4.8. ‘யு’ என்றால் 6.0 எல்க்யூ4. பாஸ்டன் என்பதில் வரும் ‘பி’ (B) கண்ணில் பட்டால் விடாதீர்கள்: அது எல்33, அலுமினிய பிளாக் கொண்ட 5.3. இரும்பு பிளாக்கைவிடக் கிட்டத்தட்ட 100 பவுண்டு குறைவு.

4.8-க்கும் 5.3-க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 96 மி.மீ. பிஸ்டன் ஓட்டம் மட்டும் 83, 92 என்று வேறுபடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆகவே கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். 6.0 நல்ல இன்ஜின்தான், ஆனால் அதைத் தேடுபவர் அதிகம், விலையும் அதிகம். வார இறுதியில் ஓட்டும் பிக்கப்புக்கு அது தேவையில்லை. எல்எம்7 ஆண்டைப் பொறுத்து 270 முதல் 295 குதிரைத்திறன் தரும். உங்கள் 250-க்கு ஜிஎம் சொன்னது 155. அதுவும் சைலன்சர், ஏர் ஃபில்டர் இல்லாமல் மேடையில் வைத்து அளந்த அந்தக் காலத்துக் கணக்கு.

2007-க்குப் பிறகு வந்த நான்காம் தலைமுறை 5.3-இல் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் மிச்சப்படுத்த 1, 4, 6, 7 சிலிண்டர்களை அணைக்கும் ஏற்பாடு உண்டு. அந்தச் சிலிண்டர்களின் வால்வைத் தூக்கும் லிஃப்டர் உட்கார்ந்துபோய், அதைத் தள்ளும் கேம்ஷாஃப்ட்டையும் தின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. லிஃப்டர், கேம், நடு மூடி எல்லாவற்றையும் மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் அதை வாங்குங்கள். கழற்றி வைத்த இன்ஜினில் தலைமுறையைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கேம் சென்சார் பிளாக்கின் பின்பக்கம் மேலே இருந்தால் மூன்றாம் தலைமுறை, முன்பக்க டைமிங் கவரில் இருந்தால் நான்காம் தலைமுறை.

வாங்குமுன் இரண்டு சோதனை. ஒன்று கம்ப்ரெஷன்: எந்தச் சிலிண்டரும் 100 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) கீழே போகக்கூடாது, இருப்பதில் குறைந்தது, இருப்பதில் அதிகமானதில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். இன்னொன்று, சிலிண்டர் ஹெட்டில் வார்ப்பு எண் 706 என்றிருந்தால் வால்வு கவரைக் கழற்றிக் காஸ்டெக் என்ற வார்ப்பு நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2001 முதல் 2006 வரை வந்த அந்த ஹெட்களில் சில விரிசல் விட்டு, வெளியே ஒரு சொட்டும் கசியாமல் கூலண்ட்டை ஆயிலுக்குள் விடும். ஹெட்டின் மேல் பால் கலந்தது போன்ற படிவு தெரிந்தால் அந்த இன்ஜினை அங்கேயே விட்டுவிடுங்கள். 862 எண்ணுள்ள ஹெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்ஜினை மட்டும் வாங்கினால் போதுமா, வேறு என்னென்ன சேர்த்து வாங்க வேண்டும்? (வாசகர், அட்லாண்டா)

வெறும் இன்ஜின் மலிவாகத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர், வயரிங் ஹார்னஸ், ஆக்சிலரேட்டர் பெடல், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், அவற்றின் பிராக்கெட், ஸ்டார்ட்டர், காற்றளவு சென்சார் ஆகியவற்றைத் தனித்தனியாகத் தேடி வாங்கினால் இன்ஜின் விலையைத் தாண்டிவிடும். ஒரே வண்டியிலிருந்து எல்லாவற்றையும் மொத்தமாக எடுங்கள். வயரை எங்கும் வெட்டாமல், பிளக்கைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

கேபிள் இல்லாத, மின்சார த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று விடும் கதவு) கொண்ட இன்ஜின் என்றால் பெடல், த்ராட்டில் பாடி, இடையில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, கம்ப்யூட்டர் நான்கும் ஒரே ஆண்டு, ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் வண்டி வேகம் எடுக்காமல் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். முதல்முறை செய்பவருக்குக் கேபிள் த்ராட்டில் உள்ள 1999-2002 இன்ஜின்தான் எளிது.

பெல்ட் பக்கத்தையும் கவனியுங்கள். எல்எஸ்ஸில் முன்புற புல்லி அமைப்பு மூன்று ஆழத்தில் வந்தது. கார்வெட்டில் இருந்தது பிளாக்கை ஒட்டியிருக்கும். கமாரோவுக்குரியது சுமார் முக்கால் அங்குலமும் டிரக்குக்குரியது சுமார் ஒன்றரை அங்குலமும் முன்னே தள்ளியிருக்கும். வாட்டர் பம்ப், கிராங்க் புல்லி, பிராக்கெட் மூன்றையும் கலந்து போட்டால் பெல்ட் நேராக ஓடாது. சி10-இல் முன்னால் இடம் தாராளம் என்பதால் டிரக் அமைப்பையே வைத்துக்கொள்ளலாம். டிரக்கின் உயரமான இன்டேக்கும் பானெட்டுக்குள் அடங்கும். இடிப்பது கீழே இருக்கும் ஏசி கம்ப்ரசர் மட்டும்தான். அதை மேலே ஏற்றும் பிராக்கெட் தனியாகக் கிடைக்கிறது.

இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டும் கீழே உள்ள ஆயில் பேனும் அப்படியே பொருந்துமா? (அதே வாசகர்)

மவுண்ட் பொருந்தாது, பேன் உள்ளே போனாலும் சரிவராது. ஆனால் இரண்டுக்கும் வழி உண்டு. எல்எஸ் பிளாக்கின் பக்கவாட்டில் நான்கு போல்ட் துளைகள். பழைய சின்ன-பிளாக் வி8-இல் மூன்று. இடையில் ஒரு அடாப்டர் தகடு வைத்தால் பழைய ரப்பர் மவுண்ட் அதில் ஏறும். உங்கள் வண்டி முதலில் ஆறு சிலிண்டராக இருந்தால் சேஸியிலுள்ள ஸ்டாண்டுகள் வேறு. வி8 ஸ்டாண்டு வாங்க வேண்டும். தகடுகள் பல அளவில் வருகின்றன. இன்ஜினை எவ்வளவு பின்னால் தள்ளும் தகடு என்பதைத் தீர்மானிக்காமல் எக்ஸாஸ்ட், டிரைவ்ஷாஃப்ட், ரேடியேட்டர் எதையும் வாங்காதீர்கள். அத்தனை அளவும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

டிரக் ஆயில் பேன் சி10-க்குள் போகும், ஆனால் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கும். வண்டியைத் தாழ்த்தியிருந்தால் முதல் ஸ்பீட் பிரேக்கரில் கதை முடியும். மாற்று பேன் போடும்போது உள்ளே இருக்கும் உறிஞ்சு குழாயையும் அதற்குரியதாக மாற்ற வேண்டும். அந்தக் குழாய் பம்பில் நுழையும் இடத்தில் ஓ-ரிங் என்ற ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. எல்எஸ் வேலையில் இன்ஜினைக் கொல்லும் பொருள் இதுதான். பழையதையே போட்டாலோ, உள்ளே தள்ளும்போது கிழிந்தாலோ பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். ஸ்டார்ட் செய்ததும் லிஃப்டர் தட்டும், பிரஷர் ஆடும். குழாய்க்கேற்ற தடிமனில் புதியது வாங்கி, ஆயில் தடவி, விரலால் நேராக அமர்த்தி, பிறகு போல்ட்டை இறுக்குங்கள். போல்ட்டால் குழாயை உள்ளே இழுக்க முயலக்கூடாது.

டர்போ 350 (ஜிஎம்மின் பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், சார்லட்)

வைக்கலாம். கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் கூடான பெல்ஹவுசிங்கின் போல்ட் அமைப்பு பழையதேதான். ஒரு துளை மட்டும் குறையும், அது பொருட்டல்ல. கவனிக்க வேண்டியது கிராங்க்ஷாஃப்ட்டின் பின் முகம். எல்எஸ்ஸில் அது பழைய இன்ஜினைவிட 0.400 அங்குலம் உள்ளே இருக்கும். அதற்கு ஸ்பேசரும், தட்டையான ஃபிளெக்ஸ்பிளேட்டும் (கிராங்க்கையும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடு), நீள போல்ட்டும் சேர்ந்த கிட் போடாவிட்டால் டார்க் கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்க்கில் தாங்கலின்றி ஆடும். ஃபிளெக்ஸ்பிளேட் போல்ட்டுகள் மூன்று சுற்றாக 15, 37, 74 அடி-பவுண்டு.

ஆனால் டர்போ 350-இல் ஓவர்டிரைவ் (வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கியர்) கிடையாது. பின் ஆக்சில் 3.73, டயர் உயரம் 28 அங்குலம் என்று வைத்தால் மணிக்கு 65 மைலில் இன்ஜின் சுமார் 2,900 சுற்று சுற்றும். இன்ஜினோடு வரும் 4எல்60இ என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் நான்காவது கியர் 0.70. அதே வேகத்தில் சுமார் 2,040 சுற்று. நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இந்த ஒரு காரணம் போதும். அதை இன்ஜின் கம்ப்யூட்டரே இயக்கும். தனிக் கேபிள் எதுவும் வேண்டாம். டிரைவ்ஷாஃப்ட் நுனி இரண்டுக்கும் 27 பல்தான், ஆகவே அதில் நுழையும் இணைப்பான யோக் மாற வேண்டாம். மவுண்ட் மட்டும் சுமார் 2 அங்குலம் பின்னால் வரும். குறுக்குச் சட்டத்தை நகர்த்தித் துளையிட வேண்டும். டிரைவ்ஷாஃப்ட் நீளத்தை, வண்டி தன் எடையோடு நான்கு டயரிலும் நிற்கும்போது அளந்து வெட்டக் கொடுங்கள். ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் நீளம் தவறும்.

கன்வெர்ட்டரை கியர்பாக்ஸில் சுழற்றித் தள்ளும்போது படிப்படியாக உள்ளே இறங்கும். முழுவதும் இறங்காமல் போல்ட்டை இறுக்கி இழுத்தால் பம்ப் உடைந்துவிடும். பெல்ஹவுசிங் பிளாக்கில் முழுதாக ஒட்டியபின் கன்வெர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்து, அதைக் கையால் சுற்ற முடிந்தால்தான் சரி.

சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் டேங்க். சேஸியில் வெளிப்புற பம்ப் ஒன்றைப் போட்டேன். வெயிலில் அலறுகிறது, சில நேரம் வண்டியே நின்றுவிடுகிறது. (வாசகர், ஃபீனிக்ஸ்)

கார்புரேட்டருக்கு 5, 6 பிஎஸ்ஐ போதும். எல்எஸ்ஸுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். வெளியே மாட்டும் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோடை. டேங்க்கிலிருந்து இழுக்கச் சிரமப்படும்போது குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகும். அலறலும் நின்றுபோவதும் அதனால்தான். அரிசோனா வெயிலில் இது இன்னும் மோசம்.

நிரந்தர வழி, கேபினுக்குள் இருக்கும் டேங்க்கை நீக்கி, பின்பெட்டிக்குக் கீழே சேஸியின் இரு சட்டங்களுக்கு நடுவில், உள்ளேயே பம்ப் கொண்ட டேங்க் ஒன்றை வைப்பது. அமெரிக்காவில் இந்த மாடலுக்கென்றே தயாராக விற்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கத்தைக் கைவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

குழாய் போடும்போது 1999-2003 கார்வெட்டில் வந்த ஃபில்டர்-ரெகுலேட்டரைக் கேளுங்கள். ஃபில்டரும் 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டரும் ஒரே உருளைக்குள் இருக்கும், விலை குறைவு. அதை டேங்க்குக்குப் பக்கத்திலேயே மாட்டினால் திரும்பும் குழாய் இரண்டு அடியில் முடிந்துவிடும், இன்ஜினுக்கு ஒரே குழாய் போகும். அப்படிச் செய்தால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஃபியூயல் ரெயிலில் இன்னொரு ரெகுலேட்டர் இருக்கக்கூடாது. இருந்தால் ரிடர்ன் இல்லாத ரெயில் வாங்கிப் போடுங்கள். போகும் குழாய் 3/8, திரும்பும் குழாய் 5/16 அங்குலம். ரப்பர் ஹோஸ் வேண்டிய இடத்தில் 30ஆர்9 என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். கார்புரேட்டருக்கான 30ஆர்7 இந்த அழுத்தத்தில் நாளாக ஆக வெடிப்பு விடும். டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் துண்டுக்கு இரண்டும் உதவாது, அங்கே 30ஆர்10.

எல்லாம் மாட்டியாயிற்று. ஸ்டார்ட் ஆகிறது, இரண்டே நொடியில் அணைந்துவிடுகிறது. பெட்ரோல் பிரஷர் சரியாக இருக்கிறது. (வாசகர், சான் அன்டோனியோ)

இன்ஜினில் குறை இல்லை. கம்ப்யூட்டர் உங்கள் வண்டியைத் திருட்டு வண்டி என்று நினைக்கிறது. மூல வண்டியின் சாவிப் பாதுகாப்பு அமைப்பிலிருந்து சிக்னல் வராததால் இன்ஜெக்டர்களை நிறுத்திவிடுகிறது. கம்ப்யூட்டரில் மென்பொருள் மூலம் அந்தச் சோதனையை நீக்க வேண்டும். எல்எஸ் கம்ப்யூட்டர்களின் மென்பொருளைத் திருத்தும் டியூனர் எவரும் செய்வார். தபாலில் அனுப்பினாலும் செய்து தருவார்கள். அதே கையோடு பின் ஆக்சிஜன் சென்சார்கள், டேங்க் ஆவி அமைப்பு போன்ற உங்கள் வண்டியில் இல்லாதவற்றின் எச்சரிக்கைகளையும் நீக்கச் சொல்லுங்கள். மின்விசிறியைக் கம்ப்யூட்டரே இயக்கும்படியும், டயர் உயரம், ஆக்சில் விகிதத்துக்கேற்ப கியர் மாறும்படியும் திருத்தச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட்டே ஆகாத கேஸ்களில் வேறு காரணம் தேட வேண்டும். ஹார்னஸில் இளஞ்சிவப்பு வயர்கள் சாவி போட்டதும் 12 வோல்ட் பெற வேண்டியவை. பலர் இவற்றை ரேடியோ ஓடும் வயரில் கோத்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த வயரில் மின்சாரம் அறுந்துவிடும். இன்ஜின் சுற்றும், பிடிக்காது. சாவி ‘ஸ்டார்ட்’ நிலையில் இருக்கும்போது மீட்டர் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். ஆரஞ்சு வயர்கள் பேட்டரியிலிருந்து நேரே, ஃபியூஸ் வழியாக.

எர்த் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு ஒன்று, பிளாக்கிலிருந்து சேஸிக்கு ஒன்று, ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து ஃபயர்வாலுக்கு ஒன்று. பெயிண்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் இறுக்குங்கள். சென்சார்கள் தாறுமாறாகக் காட்டும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே மருந்து.

பழைய சார்ஜிங் வயரையும் நம்பாதீர்கள். உங்கள் சி10-இன் ஆல்டர்னேட்டர் 37 ஆம்பியர் அளவில் இருந்தது. புதியது 105 அல்லது 145. பழைய மெல்லிய வயர் வழியாக அத்தனையும் ஓடினால் டாஷ்போர்டுக்குப் பின்னால் புகை வரும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேரே 4 கேஜ் வயர், நடுவில் பெரிய ஃபியூஸ். நான்கு முனை ஆல்டர்னேட்டரில் ‘எல்’ முனைக்குக் கம்ப்யூட்டர் வயரைக் கொடுங்கள். அது இல்லையென்றால் சாவி வழியாக ஒரு 470 ஓம் ரெசிஸ்டர். தடையின்றி நேரே 12 வோல்ட் கொடுத்தால் ரெகுலேட்டர் எரியும்.

ரேடியேட்டர் புதிது, விசிறியும் ஓடுகிறது. ஆனால் டெம்பரேச்சர் திடீரென ஏறி இறங்குகிறது. (வாசகர், சாக்ரமெண்டோ)

உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. எல்எஸ்ஸின் ஹெட்களின் மேல் முன்பக்கம் இரு ஹெட்டையும் இணைக்கும் மெல்லிய ஆவிக் குழாய் உண்டு. பழைய இன்ஜினில் இப்படி ஒன்று இல்லாததால் பலர் அதை அடைத்துவிடுகிறார்கள். ஹெட்டின் உச்சியில் காற்று தங்கி, அந்த இடம் மட்டும் கொதிக்கும். சென்சார் ஒரு நிமிடம் ஆவியையும் அடுத்த நிமிடம் நீரையும் அளக்கும். குழாயை ரேடியேட்டரின் மேல் தொட்டிக்கோ, வாட்டர் பம்பின் மேல்பக்கம் ஒரு துளையிட்டு மரை வெட்டியோ இணையுங்கள். நீர் ஊற்றும்போது வண்டியின் மூக்கை உயர்த்தி வையுங்கள். எல்எஸ்ஸின் இரு ஹோஸும் ஒரே பக்கத்தில், அதாவது பயணி பக்கத்தில் இருப்பதால் அதற்கேற்ற ரேடியேட்டர் வாங்கினால் வளைந்த ஹோஸ் தேடி அலைய வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வேனா? (அதே வாசகர்)

1975 மாடல் வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே சோதனை இல்லை. 1976 முதல் வந்த வண்டியில் செய்வதென்றால் இன்ஜின் வண்டியின் ஆண்டுக்குச் சமமாகவோ புதிதாகவோ இருந்து, அந்த இன்ஜினுக்குரிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ளிட்ட எல்லாக் கருவிகளோடும் மாநிலத்தின் புகைச் சோதனை நடுவரிடம் (ரெஃப்ரி) காட்டி ஒப்புதல் பெற வேண்டும்.

டாஷ்போர்டில் இருக்கும் பழைய மீட்டர்களையே இயக்க முடியுமா? (வாசகர், நாஷ்வில்)

முடியும், அழகும் அதில்தான். டெம்பரேச்சருக்குப் பயணி பக்க ஹெட்டின் பின்னால் அடைத்திருக்கும் திருகைக் கழற்றினால் எம்12-1.5 அளவு மரை கிடைக்கும்; அதில் அடாப்டர் வைத்துப் பழைய சென்சாரைப் போடுங்கள். கம்ப்யூட்டரின் சென்சார் ஓட்டுநர் பக்க ஹெட்டின் முன்னால் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். ஆயில் பிரஷருக்குப் பிளாக்கின் பின்பக்கம் மேலே எம்16-1.5. இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரில் ஒரு சூட்சுமம்: கம்ப்யூட்டர் தரும் சிக்னல் நான்கு சிலிண்டர் இன்ஜினுக்குரியது. மீட்டரில் நான்கு என்று மாற்றும் வசதி வேண்டும். இல்லையென்றால் பாதிச் சுற்றைத்தான் காட்டும். ஸ்பீடோமீட்டருக்கு 4எல்60இ-யில் கேபிள் இல்லை. மின்சிக்னலை வாங்கிக் கேபிளைச் சுழற்றும் சின்னப் பெட்டி கிடைக்கிறது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்ன செய்ய வேண்டும்? பிரேக்கைத் தொட வேண்டுமா? (வாசகர், ஆஸ்டின்)

பழைய வி8-இல் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக டிரில் விட்டு ஆயில் பம்பைச் சுற்றுவார்கள். எல்எஸ்ஸில் பம்ப் கிராங்க்கின் மூக்கில் இருப்பதால் அது நடக்காது. 6 குவார்ட் ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் ஃபியூஸை எடுத்துவிட்டு, பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இடையில் ஸ்டார்ட்டர் ஆறட்டும். மீட்டரில் பிரஷர் ஏறிய பிறகே பிளக்கைப் போடலாம். பல தடவை சுற்றியும் ஏறவில்லையென்றால், மேலே சொன்ன ஓ-ரிங்கைச் சந்தேகப்படுங்கள். இன்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

பிரேக்கைக் கட்டாயம் தொட வேண்டும். 1970 வரை சி10-இன் முன் சக்கரத்தில் டிரம் பிரேக்தான். 1971-இல்தான் டிஸ்க் வந்தது. 1971-72 வண்டியின் முன் ஸ்பிண்டில் (சக்கரம் சுழலும் அச்சு), ரோட்டர், காலிப்பர் முழுவதையும் எடுத்துப் போடலாம். ஆனால் அந்த ஆண்டே சக்கர போல்ட் ஆறிலிருந்து ஐந்தானது. ஆகவே முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று நிற்காமல் பின் ஆக்சிலுக்கும் வழி பார்த்துவிட்டு வாங்குங்கள். டிஸ்க்குக்குரிய மாஸ்டர் சிலிண்டரும் பிரஷர் பிரிக்கும் வால்வும் அதோடு சேர்த்து மாற வேண்டியவை.